படைப்பெழுத்தில் முதுகலை (எம்.எஃப்.ஏ.): கார்வர் பட்டம் வாங்கினாரா, இல்லையா?

நிழற்குடை:
பக்கத்து இழையில் தாழம்பூ எழுதியிருப்பது: "எம்.எஃப்.ஏ. படிக்காமல் எழுதுகிறவர்கள் இருட்டில் துழாவுகிறார்கள். ரேமண்ட் கார்வரே அயோவாவில் பட்டம் வாங்கியவர்தான்." முதல் வரி உங்கள் கருத்து, வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது வரி தப்பு. அமெரிக்கச் சிறுகதைக்காரர் கார்வர் 1963இல் அயோவா பல்கலைக்கழக எழுத்துப் பட்டறையில் சேர்ந்தார், முடிக்காமலே கிளம்பிவிட்டார். பட்டம் வாங்கவில்லை.

தாழம்பூ:
எடுத்த எடுப்பிலேயே சண்டையா? சேர்ந்தாரா இல்லையா? சேர்ந்தார். சிறுகதை எழுத்தாளர் ஃபிளானரி ஓ'கானர் 1947இல் அதே அயோவாவில் பட்டமே வாங்கினார். நாவலாசிரியர் இஷிகுரோ 1980இல் இங்கிலாந்தின் ஈஸ்ட் ஆங்கிலியா பல்கலைக்கழகத்தில் படைப்பெழுத்து எம்.ஏ. முடித்தார், 2017இல் நோபல். இதற்கெல்லாம் பதில் சொல்லுங்கள்.

நிழற்குடை:
நான் கேட்டது கார்வரைப் பற்றி. வாங்கினாரா?

வெண்கல மணி:
படிப்பு என்று நீங்கள் இருவரும் எதைச் சொல்கிறீர்கள்? பட்டத்தையா, பட்டறையையா? அதை முதலில் பேசிவிட்டால் நல்லது.

குறுக்குச்சால்:
கார்வருக்கு எழுதக் கற்றுக்கொடுத்தவர் நாவலாசிரியர் ஜான் கார்ட்னர். அயோவாவுக்கு முன்பே, சிகோ கல்லூரியில். உட்கார்ந்து எழுத இடமில்லாத பையனிடம் தன் அலுவலக அறைச் சாவியையே கொடுத்தவர். ஆக, வகுப்பில் கற்றவர்தான்.

நிழற்குடை:
சாவி வாங்குவதற்கு எம்.எஃப்.ஏ. எதற்கு? நல்ல மனுஷன் ஒருவர் போதும்.

தாழம்பூ:
பட்டறையில் உட்கார்ந்து பார்க்காதவர்கள் இப்படித்தான் பேசுவார்கள். சுற்றிப் பத்துப் பன்னிரண்டு பேர், எல்லார் கையிலும் உங்கள் கதையின் பிரதி. பெரும்பாலான பட்டறைகளில் எழுதியவர் வாய் திறக்கக் கூடாது. "அப்பா எப்போது இறந்தார் என்றே புரியவில்லை" என்று ஒருவர் சொல்வார். இரண்டாம் பக்கத்திலேயே இருக்கிறதே என்று நாக்கு துடிக்கும். துடிக்கட்டும். புத்தகம் வந்தபிறகு ஒவ்வொரு வாசகர் பக்கத்திலும் நின்று விளக்கவா போகிறீர்கள்?

நிழற்குடை:
அருமையான பத்தி. கார்வர் பட்டம் வாங்கினார் என்று அதில் எங்கேயும் இல்லை.

பழைய பேப்பர்:
விண்ணப்பிக்க நினைப்பவர்களுக்காக ஒன்று. அமெரிக்காவில் இது இரண்டு மூன்று வருடப் படிப்பு. சில பல்கலைக்கழகங்களில் கட்டணம் தள்ளுபடி, மேலே உதவித்தொகையும் உண்டு. பதிலுக்குப் பல இடங்களில் முதலாண்டு மாணவர்களுக்குக் கட்டுரை வகுப்பு எடுக்க வேண்டும். சனி, ஞாயிறு அவர்கள் கட்டுரையைத் திருத்துவதிலேயே போய்விடும், உங்கள் நாவல் காத்திருக்கும். ஆனாலும் கடன் வாங்கிப் படிப்பதற்கு அது எவ்வளவோ தேவலை.

நிழற்குடை:
கேட்டீர்களா? கதை எழுதப் போய் அடுத்தவன் கட்டுரையைத் திருத்துகிற பிழைப்பு. கார்வர் விட்டுவிட்டு ஓடியதில் ஆச்சரியமே இல்லை.

தாழம்பூ:
ஓடியவர் 1973இல் அதே அயோவாவுக்கு ஆசிரியராகத் திரும்பி வந்தது தெரியுமா? இதை மட்டும் ஏன் விட்டுவிட்டீர்கள்?

நிழற்குடை:
தெரியும். அப்போது அங்கே கற்பித்த எழுத்தாளர் ஜான் சீவரும் அவரும் அந்தப் பருவம் முழுக்கக் குடித்தார்கள், இருவருமே தட்டச்சுப்பொறியின் உறையைக்கூடக் கழற்றவில்லை. கார்வரே சொன்னது. அங்கே எம்.எஃப்.ஏ. முடிக்காதவரையே அங்கே ஆசிரியராக உட்கார வைத்தார்கள் என்றால், அந்தப் பட்டத்துக்கு என்ன மரியாதை என்று நீங்களே சொல்லுங்கள்.

குறுக்குச்சால்:
நிழற்குடையின் கோபத்துக்குக் காரணம் கார்வர் இல்லை. போன தொகுப்புக்கு அனுப்பிய கதையைத் தாழம்பூ திருப்பி அனுப்பிவிட்டார், அதுதான்.

நிழற்குடை:
திருப்பி அனுப்பவில்லை. பதிலே வரவில்லை. திருப்பி அனுப்பக்கூட ஒரு நாகரிகம் வேண்டும்.

தாழம்பூ:
பதில் போட்டேன். ஸ்பேமில் பாருங்கள். முடிவு சரியில்லை என்று காரணமும் எழுதியிருந்தேன்.

நிழற்குடை:
முடிவு சரியில்லையா! கடைசிப் பக்கத்தை வேண்டுமென்றேதான் திறந்து விட்டிருக்கிறேன். பட்டறையில் இதைச் சொல்லித்தரவில்லையா?

வெண்கல மணி:
பட்டமா, பட்டறையா என்று கேட்டிருந்தேன்.

நிழற்குடை:
கதையை இங்கேயே போடுகிறேன், எல்லாரும் படித்துச் சொல்லுங்கள். அப்புறம், இன்னொரு தடவை: கார்வர் அங்கே பட்டம் வாங்கவில்லை.

தாழம்பூ:
தாராளமாகப் போடுங்கள். நாங்கள் பேசி முடிக்கும்வரை நீங்கள் வாய் திறக்கக் கூடாது, சம்மதமா?

பழைய பேப்பர்:
கதைக்குத் தனி இழை தொடங்குங்கள், ஐயா. இங்கே நிதியுதவி பற்றிக் கேட்க வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

நிழற்குடை:
இந்த இழையைத் தொடங்கியவன் நான். நிதியுதவிதான் வெளியே போக வேண்டும்.