லேட்டா வந்த கீப்பர்

குழு: பெரிய வீட்டு ஃபுட்பால்

தினேஷ்: ஒரு கீப்பர் 25 வயசு தாண்டியும் பெஞ்ச்லயே இருந்தா அவ்வளவுதானே மாமா?

செல்வம் மாமா: யார்டா சொன்னா? நிக்கோபொலிடிஸ் கிரீஸுக்கு முதல் மேட்ச் ஆடினது 1999-ல. அப்ப வயசு 28.

தினேஷ்: 2004 யூரோ, அதான் ஐரோப்பிய நாடுகள் கோப்பை, ஜெயிச்சாரே, நரைச்ச தலை?

செல்வம் மாமா: அவரேதான். ஹாலிவுட் நடிகர் ஜார்ஜ் க்ளூனின்னு கிண்டல் பண்ணுவாங்க. ஆர்ட்டா ஊர்க்காரர். 1989-ல பனத்தினைகோஸ்ங்கற கிரீஸ் கிளப்புக்குப் போனாரு. அடுத்த வருஷமே போலந்துல இருந்து வாண்ட்ஸிக்ங்கற கீப்பர் வந்து இடத்தைப் புடிச்சுக்கிட்டாரு.

தினேஷ்: வேற பொசிஷன்லயாவது இறக்கலாம்ல 😀

செல்வம் மாமா: அதான் சிக்கலே. டிஃபெண்டர்னா இடம் மாத்தலாம், 70-வது நிமிஷம் இறக்கிப் பாக்கலாம். கீப்பருக்கு இருக்கறது ஒரே இடம். முன்னால நிக்கறவருக்கு அடிபடணும், இல்ல அவர் கிளப்பை விட்டுப் போகணும். 90-கள் பாதிக்கு மேல இப்படியே போச்சு.

மாலதி அக்கா: அதனாலதான் "லேட்டா தேறினவர்"னு சொன்னா எனக்கு ஒப்பாது. கதவு லேட்டா திறந்துச்சு, அவ்வளவுதான். அதோட பாய்ஞ்சு பாய்ஞ்சு புடிக்கற ரகமும் இல்ல அவரு. ஷாட் கிளம்பறதுக்கு முன்னாடியே ரெண்டு எட்டு நகர்ந்து கோணத்தை அடைச்சிடுவாரு. அப்படி ஆடறவங்களுக்கு வயசு அவ்வளவா உறைக்காது.

தினேஷ்: ஆனா 2004-ல டிஃபென்ஸ்தானே காப்பாத்துச்சு?

செல்வம் மாமா: ரெண்டும்தான். கோச் ரேஹாகல் போட்ட கணக்கைப் பாரு. டிஃபெண்டர்கள் செய்ட்டாரிடிஸும் காப்ஸிஸும் ஆளுக்கு ஒரு ஃபார்வர்டை ஒட்டிக்கிட்டே ஓடுவாங்க. பின்னால டெல்லாஸ் தனியா நின்னு மிச்சத்தை வழிச்சு எடுப்பாரு. எதிராளிக்கு வழி இல்லாம கிராஸா போடுவான், இல்ல தூரத்துல இருந்து அடிப்பான். கீப்பர் பதறாம நின்னாலே பாதி வேலை முடிஞ்சுது.

மாலதி அக்கா: அந்த யூரோவுக்கான தகுதிச் சுற்று இன்னும் சுவாரசியம். ஸ்பெயின்கிட்ட 0-2, உக்ரைன்கிட்ட 0-2. அப்புறம் ஆறு மேட்ச், ஆறும் ஜெயம், ஒரு கோல்கூட வாங்கல.

செல்வம் மாமா: யூரோ நடந்த போர்ச்சுகல்லயும் அதே கதைதான். குரூப்ல 4 கோல் வாங்கினாங்க, ரஷ்யா முதல் கோலை ரெண்டாவது நிமிஷத்துலயே போட்டுச்சு. நாக்அவுட்ல பிரான்ஸ், செக், போர்ச்சுகல் மூணு பேரும் பூஜ்யம். மூணுமே 1-0. செக் மேட்ச்ல ஆரம்பத்துலயே ரொசிட்ஸ்கி அடிச்சது கிராஸ்பார்ல பட்டுத் திரும்புச்சு, அதையும் சொல்லணும்.

மாலதி அக்கா: இத்தனைக்கும் அந்த சீசன்ல கிளப்ல ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கற பிரச்சனை. கடைசில அவரை உக்கார வெச்சுட்டு இன்னொரு கீப்பர் கலினோவிச்சை ஆட வெச்சாங்க. பெஞ்ச்ல இருந்து நேரா யூரோ. முடிஞ்சதும் எதிரி வீட்டுக்கே போயிட்டாரு, ஒலிம்பியாகோஸுக்கு.

தினேஷ்: 33 வயசுல!

செல்வம் மாமா: போய் ஏழு சீசன் ஆடினாரு, அதுல ஆறு லீக் பட்டம்.

தினேஷ்: அப்ப 2008 யூரோல என்ன ஆச்சு? மூணு மேட்ச்சும் தோத்தாங்களே.

மாலதி அக்கா: ரஷ்யா கோலை மட்டும் நிறுத்தி நிறுத்திப் பாரு. 33-வது நிமிஷம். கிராஸ் நீளமாப் போய் வெளிய போற மாதிரி இருக்கு. ரஷ்யாவோட செமாக் துரத்தறாரு. நிக்கோபொலிடிஸ் போஸ்ட்டை விட்டுட்டு அவர் பின்னாலயே ஓடறாரு. அங்கதான் தப்பு. கோல் லைன் ஓரத்துல முதுகைக் காட்டிக்கிட்டு நிக்கறவனால நேரா கோல் அடிக்க முடியாது. ஓடாம பக்கத்து போஸ்ட்டை ஒட்டி நின்னிருந்தாலே போதும். செமாக் தலைக்கு மேல காலைத் தூக்கி பந்தைத் திருப்பினாரு, ஸிரியானோவ் காலி கோல்ல தட்டி விட்டாரு.

செல்வம் மாமா: நிக்கற இடத்தாலேயே பேர் வாங்கின மனுஷன் அன்னைக்கு நிக்காம ஓடிட்டாரு. அந்த யூரோவோட நாட்டுக்கு ஆடறதை விட்டுட்டாரு. 90 மேட்ச்.

தினேஷ்: கிளப்லயும் விட்டுட்டாரா?

செல்வம் மாமா: எங்க! 2011 வரைக்கும். 2009 கிரீஸ் கோப்பை ஃபைனல், ஏஇகே கிளப் கூட 4-4. பெனால்ட்டில 15-14. பதினோரு பேரும் அடிச்சு முடிச்சாச்சுன்னா கீப்பர் உட்பட மறுபடி முதல்ல இருந்து. இவரும் ஒண்ணு அடிச்சு உள்ள போட்டாரு, ஒண்ணைத் தடுத்தாரு.

தினேஷ்: லிங்க் போடுங்க மாமா

செல்வம் மாமா: தேடிக்கோ. பெனால்ட்டியை மட்டும் ஓட்டிப் பாக்காத, அந்த எட்டு கோலையும் சேர்த்துப் பாரு.