சோவ்தேரிலிருந்து லா ரெயோலுக்கு லாரி இல்லாத வழி உண்டா?

செப்டம்பர் கடைசியில் பிரான்சில் போர்தோவிலிருந்து துலூஸுக்கு சைக்கிளில் போகிறோம், பின்னால் டிரெயிலரில் நான்கு வயது மகள். சோவ்தேர் வரை கவலையில்லை, பழைய ரயில் தடத்தையே தார் போட்டு சைக்கிளுக்கு விட்டிருக்கிறார்கள் (ரோஜே லாபெபி பாதை). லா ரெயோலுக்கு அக்கரையில் கரோன் கால்வாயைப் பிடித்துவிட்டால் அப்புறம் கரையோரமாகவே துலூஸ். நடுவில் உள்ள சுமார் 15 கி.மீ.தான் இடிக்கிறது. கூகுள் மேப் லாரி ஓடும் டி670 சாலையிலேயே தள்ளுகிறது. வேறொரு ஆப் காட்டியதோ திராட்சைத் தோட்டத்து டிராக்டர் தடம், மழை பெய்தால் களிமண் மட்கார்டில் அப்பிக்கொண்டு சக்கரம் சுற்றாது. டயர் 32 மி.மீ.தான். லா ரெயோல் வரை ரயிலில் போகலாம், ஆனால் லாபெபி பாதைக்காகத்தானே வருகிறோம்! டிரெயிலரோடு ஓட்டியவர்கள் சொல்லுங்கள், டி670-ஐத் தொடாமல் எந்த ஊர்கள் வழியாகப் போனீர்கள்?