தடம் பார்க்கப் பழகும் பிள்ளைகளுக்காக ஓர் உதவி

வணக்கம் நண்பர்களே. கோத்தகிரிப் பக்கம் ஞாயிறுதோறும், வெயில் ஏறிய பிறகு, 10 பிள்ளைகளைத் தேயிலைத் தோட்டத்து ஓரமாக விலங்குகளின் காலடித் தடம் பார்க்க அழைத்துப் போகிறேன். நாய்த் தடத்தில் நகம் பதியும், சிறுத்தை நகத்தை உள்ளிழுத்து நடப்பதால் பதியாது என்பதைச் சட்டென்று பிடித்துக்கொண்டார்கள். போன வாரம் ஈரமண்ணில் பிளவுக் குளம்பு ஒன்று. மான் என்றுதான் நினைத்தோம். 7 வயதுச் சிறுமி குனிந்து பார்த்து, “பின்னால ரெண்டு சின்னக் குழி இருக்கே” என்றாள். அவை குளம்புக்குப் பின்னாலுள்ள சின்ன விரல்கள் பதிந்த குழிகள். அப்படியானால் காட்டுப்பன்றி! எனக்கே சிலிர்த்துவிட்டது.

சரி, கேள்விக்கு வருகிறேன். தடம் புதியதா பழையதா என்று பிள்ளைகளுக்கு எப்படிப் புரியவைப்பது? காட்டுமாடு நடமாடும் இடம், அதனால் இது அவசியம். அப்புறம், பாரிஸ் சாந்தில் (பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்) தடத்தை அச்சு எடுத்தால் ஓரம் உதிர்கிறது. தண்ணீர் எவ்வளவு கலக்கிறீர்கள்? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.