புதுப்பிப்பு: கீழே கிடக்கும் அணி யாருக்குக் காசு கொடுக்கலாம்?

அடிமட்டத்திலிருந்து எழும்பும் என்பிஏ (அமெரிக்கக் கூடைப்பந்து லீக்) அணி, ஒப்பந்தம் முடிந்து எந்த அணிக்கும் போகக்கூடிய ஃப்ரீ ஏஜெண்டுகளுக்குச் செலவழிக்கலாமா, இல்லை டிராஃப்டில் (புதுமுகத் தேர்வில்) எடுத்த பசங்களை ஆடவிட்டுக் காத்திருக்கலாமா என்று போன பதிவில் கேட்டிருந்தேன். "காத்திரு" என்றவர்களே அதிகம். எனக்கு இன்னும் மனசு ஒப்பவில்லை.

டெட்ராய்ட் பிஸ்டன்ஸைப் பாருங்கள். 2023-24இல் தொடர்ந்து 28 தோல்வி, மொத்தமே 14 வெற்றி. அடுத்த கோடையில் பெரிய நட்சத்திரம் யாரையும் துரத்தவில்லை. டோபியாஸ் ஹாரிஸுக்கு இரண்டு ஆண்டுக்கு 52 மில்லியன் அமெரிக்க டாலர், மாலிக் பீஸ்லிக்கு ஒரே ஆண்டுக்கு 6 மில்லியன். அவ்வளவுதான். பீஸ்லி 319 மூன்று புள்ளி கூடைகள் போட்டார். அவரை விட்டுவைக்க முடியாமல் ஒரு ஆள் கோட்டுக்கு வெளியே ஒட்டிக்கொண்டு நிற்க, அணியின் முன்னணி ஆட்டக்காரர் கேட் கன்னிங்ஹம் நடுவில் புகுந்து போவார். காலை எட்டு மணிக்கு எம்ஆர்டி ரயில் நெரிசலில் சின்னத் திரையில் பார்த்தாலே தெரியும். அந்தப் பருவம் 44 வெற்றி. (பயிற்சியாளர் மாறியதும் ஒரு காரணம், சரி.)

பிடோக் நண்பர் ஹூஸ்டன் அணியைப் பேச்சுக்கு இழுத்தார்: ஃப்ரீ ஏஜெண்டாக வந்த வான்வ்லீட்டுக்கு அள்ளிக் கொடுக்கவில்லையா என்று. கொடுத்தார்கள்தான், ஆனால் ஒப்பந்தத்தின் மூன்றாம் ஆண்டைத் தொடர்வதா வேண்டாமா என்ற முடிவைத் தங்கள் கையில் வைத்துக்கொண்டார்கள். நான் முதலில் பார்ப்பது அதைத்தான். தொகை அப்புறம்.