மறு: ‘ஸ்டிக்கி’ பட்டைக்கு ஒரு சொல் வேண்டும்

அன்பர்களுக்கு வணக்கம். பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்களுக்கான பயிலரங்கக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. கைப்பேசியில் நிரல் மீளாய்வு (நிரலில் செய்த மாற்றங்களை இன்னொருவர் படித்துப் பார்ப்பது) செய்யும் திரையை வடிவமைப்பதுதான் பாடம். கோப்பின் பெயரும் அடுத்த மாற்றத்துக்குத் தாவும் பொத்தானும் கொண்ட பட்டை, உருட்டும்போது மேல்விளிம்பில் நின்றுகொள்கிறதே, வலைப்பக்கத்தின் தோற்றத்தை எழுதும் சிஎஸ்எஸ் மொழியில் ‘ஸ்டிக்கி’ என்கிறார்களே, அதற்கு ‘ஒட்டும் பட்டை’ என்று எழுதியிருக்கிறேன். மனம் ஒப்பவில்லை.
– வே.

> ஒட்டும் பட்டை

பெயரெச்சம் எதற்கு? வினைத்தொகையாக ‘ஒட்டுபட்டை’ போதும். ஊறுகாய், சுடுசோறு போல வலி மிகாது. ‘ஒட்டுப்பட்டை’ என்று ப் போட்டால் கிழிசலுக்கு ஒட்டுப்போட்ட பட்டை ஆகிவிடும். ஒட்டு பழஞ்சொல். தண்டியலங்காரத்தில் ஒட்டணியே உண்டு. குறளில் ‘ஒட்டார்பின் சென்றொருவன்’ வருகிறது. அங்கே ஒட்டார் என்றால்...
– இரா.

ஐயா, மானம் அதிகாரம் வரை போகவேண்டாம், பொருளே இடிக்கிறது. ஒட்டினது விடாது, இது விடும். எந்நேரமும் அசையாமல் நிற்பது ‘ஃபிக்ஸ்ட்’. ஸ்டிக்கி முதலில் மற்ற வரிகளோடு உருளும், ‘டாப்’ மதிப்பை (மேல்விளிம்பிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கவேண்டும் என்பதை) தொட்டதும் நிற்கும், தன்னைச் சுற்றியுள்ள தாய்ப்பெட்டி முடிந்ததும் அதனோடு வெளியேறும். ஒரு கோப்பின் தலைப்பை அடுத்த கோப்பின் தலைப்பு மேலே தள்ளிக்கொண்டு வருவது இதனால்தான். வந்து, தங்கி, போவதால் ‘தங்குபட்டை’ என்கிறேன். இதுவும் வினைத்தொகைதான், ஐயாவுக்குக் குறையிருக்காது.

வே. அக்கா, சொல் எதுவானாலும் கையேட்டில் இதைச் சேருங்கள். நீண்ட வரிகளைப் பக்கவாட்டில் நகர்த்த நிரல்பெட்டிக்கு ‘ஓவர்ஃப்ளோ-எக்ஸ்: ஆட்டோ’ கொடுப்பார்கள். கொடுத்தவுடன் மேலும்கீழும் உருட்டுவதற்கான ‘ஓவர்ஃப்ளோ-ஒய்’யும் ஆட்டோ ஆகிவிடும். உள்ளே இருக்கும் பட்டை இனி அந்தப் பெட்டியின் உருட்டலை மட்டுமே பார்க்கும். பெட்டியோ மேலும்கீழும் உருளாது, அதனால் பட்டை நிற்கவே நிற்காது. தலைப்பை நிரல்பெட்டிக்கு வெளியே எடுத்து, இரண்டையும் கோப்புப்பெட்டிக்குள் வைக்கவேண்டும். கோப்புப்பெட்டியின் முனைகளை வளைவாக வெட்ட ஓவர்ஃப்ளோவுக்கு ‘ஹிடன்’ போடக்கூடாது, ‘கிளிப்’ போடலாம். அது உருட்டுபெட்டியை உண்டாக்காது. ‘டாப்’ எழுத மறந்தாலும் ஒட்டாது. (பாருங்கள், நானே ‘ஒட்டாது’ என்கிறேன்.)
– சு.

தங்குபட்டை என்றதும் தங்கும் விடுதிதான் ஞாபகம் வருகிறது. மாணவர்கள் நிரலில் தட்டப்போவது ‘ஸ்டிக்கி’. அப்படியே எழுதிவிட்டு வேலையைப் பாருங்கள்.
– ந.

அப்படிப் பார்த்தால் ‘இன்டர்நெட்’டும் அப்படியே இருந்திருக்கும். ‘இணையம்’ தந்தவர் நம் சிங்கப்பூர் நா. கோவிந்தசாமி. 1997-இல் தமிழ் இணைய மாநாடு கூடியதும் இங்கேதான். நாம் ஒரு பட்டைக்குத் தடுமாறுகிறோம்! ‘பற்றுபட்டை’ எப்படி? ‘பற்றுக பற்றற்றான் பற்றினை’. பற்றவும் செய்யும், விடவும் செய்யும்.
– இரா.

வங்கியில் பற்று வரவு இருக்கிறதே ஐயா.
– ந.

உயரத்தை யாரும் பேசவில்லை. கைப்பேசியைப் படுக்கவைத்தால் 640க்கு 360 என்று வையுங்கள். 48 பிக்சலில் இரண்டு பட்டை நின்றால் 96 போயிற்று. மீதி 264, வரிக்கு 20 என்றால் 13 வரிதான் தெரியும். இரண்டையும் ஒன்றாக்குங்கள். கோப்பின் முழுப்பாதை வேண்டாம், கடைசிப் பெயர் போதும். பொத்தான் 24க்கு 24க்குக் குறையக்கூடாது என்பது வலை அணுகல்தன்மை வழிகாட்டியான டபிள்யூசிஏஜி 2.2-இன் ஏஏ நிலை. பெருவிரைவு ரயிலில் ஒரு கையால் கம்பியைப் பிடித்திருப்பவருக்கு 44 கொடுங்கள், அதையும் கீழ்விளிம்பில் வையுங்கள். தாவிய வரி பட்டைக்கு அடியில் ஒளியாதிருக்க, அந்த வரிக்குப் பட்டையின் உயரத்தை ‘ஸ்க்ரோல்-மார்ஜின்-டாப்’பாகக் கொடுக்கவேண்டும். இதை விட்டுவிட்டுத்தான் “பொத்தான் வேலை செய்யவில்லை” என்று வந்து நிற்பார்கள்.
– சு.

தங்குபட்டைக்கு நான்கு பேர், பற்றுபட்டைக்கு ஒருவர். மற்றவர்கள் வாய்திறக்கவில்லை. முதல் பக்கத்தில் மட்டும் ‘தங்குபட்டை (ஸ்டிக்கி)’, பிறகு தங்குபட்டை. அச்சகத்துக்கு அனுப்பிவிடுகிறேன்.
– வே.

அனுப்புங்கள். என் வகுப்பில் பற்றுபட்டைதான். ‘ஸ்க்ரோல்-மார்ஜின்’ அப்படியே கிடக்கிறதே, அதற்கு ‘உருள்விளிம்பு’ சரிவருமா?
– இரா.