கன்ஸ்ட்ரக்டருக்குள் எவ்வளவு வேலை வைக்கலாம்?

வண்ணத்துப்பூச்சி:
ஜாவாவில் ஒரு சிக்கல். அறிக்கை என்று ஒரு பேஸ் கிளாஸ் வைத்திருக்கிறேன். அதன் கன்ஸ்ட்ரக்டர் (ஆப்ஜெக்ட் உருவாகும்போது தானாக ஓடும் பகுதி), தயார்செய் என்ற மெத்தடைக் கூப்பிடுகிறது. அதிலிருந்து வரும் மாதஅறிக்கை என்ற சப்கிளாஸில் அந்த மெத்தடை ஓவர்ரைடு செய்து, அதாவது என் சொந்த வடிவத்தை எழுதி, வரிகள் என்ற பட்டியலில் முதல் வரியைச் சேர்க்கிறேன். வரிகள் ஃபீல்டை அறிவித்த இடத்திலேயே அதற்குப் புது அரேலிஸ்ட் கொடுத்தாயிற்று. ஆனாலும் ஓட்டினால் சரியாக அந்தச் சேர்க்கும் இடத்தில் நல்பாயிண்டர் எக்ஸெப்ஷன் (மதிப்பே இல்லாத ஒன்றைப் பயன்படுத்திய பிழை) வருகிறது. பட்டியலை உருவாக்கும் வரி கண்ணெதிரே இருக்கும்போது அது எப்படி நல் ஆகும்? கன்ஸ்ட்ரக்டர் ஓடும்போது எது முதலில், எது பிறகு நடக்கிறது என்று யாராவது விளக்குங்கள்.

நெடுஞ்சாலை:
இது பலரும் விழுந்து எழுந்த குழிதான். வரிசையைச் சொல்கிறேன்.

நியூ என்றதும் மாதஅறிக்கைக்கு வேண்டிய நினைவகம் மொத்தமாக ஒதுக்கப்படும். அப்போது எல்லா ஃபீல்டும் பூஜ்யம், ஃபால்ஸ், நல் என்று வெறுமையாக இருக்கும். அப்புறம் மாதஅறிக்கையின் கன்ஸ்ட்ரக்டருக்குள் நுழையும், ஆனால் அங்கே உள்ள வேலையைத் தொடங்காது. சூப்பர் (மேல் கிளாஸின் கன்ஸ்ட்ரக்டரைக் கூப்பிடும் சொல்) என்று நீங்கள் எழுதினாலும் எழுதாவிட்டாலும் முதலில் மேலே போகும்: அறிக்கை, அதற்கும் மேலே ஆப்ஜெக்ட் கிளாஸ். உச்சிக்குப் போய்த் திரும்பி இறங்கும்போதுதான் ஒவ்வொரு படியிலும் வேலை நடக்கும். முதலில் அந்த கிளாஸின் ஃபீல்டுகளுக்கு அறிவிப்பில் கொடுத்த மதிப்புகள், அடுத்து அந்தக் கன்ஸ்ட்ரக்டருக்குள் எழுதிய வரிகள்.

இப்போது உங்கள் கதைக்கு வருவோம். அறிக்கையின் கன்ஸ்ட்ரக்டர் ஓடிக்கொண்டிருக்கிறது, தயார்செய் என்று கூப்பிடுகிறது. ஆப்ஜெக்ட் அந்த நிமிடமே மாதஅறிக்கை வகைதான், ஆகவே ஜாவா உங்கள் ஓவர்ரைடைத்தான் ஓட்டும். ஆனால் மாதஅறிக்கையின் ஃபீல்டுகளுக்கு இன்னும் முறை வரவில்லை. வரிகள் நல்.

இதிலேயே இன்னும் மோசமான ஒரு வடிவம் உண்டு. அந்த ஓவர்ரைடுக்குள் தலைப்பு என்ற ஃபீல்டுக்கு ஒரு மதிப்பைப் போடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃபீல்டை வெறுமனே அறிவித்திருந்தால் அந்த மதிப்பு தங்கும். அறிவிப்பில் சமக்குறி போட்டு நல் என்று எழுதியிருந்தால், சூப்பர் முடிந்து திரும்பியதும் அந்த நல் வந்து நீங்கள் போட்டதை அழித்துவிடும். எக்ஸெப்ஷன் எதுவும் வராது. பார்வைக்கு ஒரே பொருள் தருகிற இரண்டு அறிவிப்புகள், இரண்டு வெவ்வேறு விடைகள். இதைத் தேடிக் கண்டுபிடிக்க ஒரு நாள் போனாலும் ஆச்சரியமில்லை.

கருவேலன்:
நெடுஞ்சாலை சொன்ன விளக்கம் சரி. ஆனால் நோய் எங்கே என்பதையும் சொல்ல வேண்டும். கன்ஸ்ட்ரக்டருக்குள் வேலை வைத்ததுதான் நோய். கன்ஸ்ட்ரக்டர் செய்ய வேண்டியது இரண்டே: வந்த மதிப்புகள் சரியா என்று பார்ப்பது, ஃபீல்டில் வைப்பது. மெத்தடைக் கூப்பிடக் கூடாது, ஃபைல் திறக்கக் கூடாது, நெட்வொர்க் பக்கமே போகக் கூடாது. இந்த ஒரு விதியைப் பிடித்துக்கொண்டால் மேலே உள்ள வரிசையை யாரும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

அலைவரிசை:
கருவேலன், இந்த விதியை நான் ஏற்கவில்லை. ஓவர்ரைடு செய்யக்கூடிய மெத்தடைக் கன்ஸ்ட்ரக்டரிலிருந்து கூப்பிடுவது ஆபத்து, அதில் சண்டையே இல்லை. ஆனால் அதைக் காட்டி "வேலையே செய்யாதே" என்பது வேறு வாதம்.

நான் சி++ எழுதுகிறவன். அங்கே கன்ஸ்ட்ரக்டர் வேலை செய்வதன் மேல்தான் மொழியின் பாதிப் பலம் நிற்கிறது. லாக்_கார்டை எடுத்துக்கொள்ளுங்கள். கன்ஸ்ட்ரக்டர் மியூடெக்ஸ் என்ற பூட்டைப் பூட்டும், ஆப்ஜெக்ட் அழியும்போது ஓடும் டிஸ்ட்ரக்டர் திறக்கும். ஃபங்ஷனிலிருந்து ரிட்டர்ன் ஆகி வெளியே வந்தாலும், எக்ஸெப்ஷன் பறந்து வெளியே வந்தாலும் பூட்டு திறந்துவிடும். உங்கள் விதிப்படி அந்தக் கன்ஸ்ட்ரக்டர் மியூடெக்ஸை வாங்கி வைத்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டும், பூட்டு என்று தனி மெத்தட் வேண்டும். யாராவது ஒருவர் அதைக் கூப்பிட மறப்பார். அன்றைக்கு இணையாக ஓடும் இரண்டு திரெட் ஒரே தரவில் கை வைக்கும்.

பிரச்சினையின் வேர் இதுதான்: தனியாக ஒரு திற அல்லது தொடங்கு மெத்தட் வைத்த அடுத்த நொடி, அந்த கிளாஸின் ஒவ்வொரு மெத்தடும் "திறந்தாயிற்றா?" என்று கேட்டுக்கொண்டுதான் ஆரம்பிக்க வேண்டும். சி++-ஐ உருவாக்கிய ஸ்ட்ரூஸ்ட்ரப் 1979-ல் வேலையைத் தொடங்கிய, அதன் முன்வடிவமான சி வித் கிளாசஸ் காலத்திலேயே கன்ஸ்ட்ரக்டர் இருந்தது. அப்போது அதற்கு நியூ ஃபங்ஷன் என்று பெயர். மற்ற ஃபங்ஷன்கள் நம்பி நிற்பதற்கான சூழலை அமைத்துக் கொடுப்பதுதான் அதன் வேலை. அந்த நம்பிக்கை போனால் கன்ஸ்ட்ரக்டரே எதற்கு?

அப்புறம், இதே அறிக்கை உதாரணத்தை சி++-ல் எழுதினால் பேஸ் கிளாஸின் தயார்செய்தான் ஓடும். பேஸ் கன்ஸ்ட்ரக்டர் ஓடும்வரை அந்த ஆப்ஜெக்ட் பேஸ் வகை மட்டுமே. உருவாகாத ஃபீல்டை யாரும் தொட முடியாது. ஜாவாவின் தேர்வைக் கன்ஸ்ட்ரக்டரின் பொதுக் குற்றமாக்காதீர்கள்.

கருவேலன்:
சி++ பற்றியே பேசுவோம். ஒரு கன்ஸ்ட்ரக்டர் இரண்டு இடங்களில் வெறும் பாயிண்டரில் நினைவகம் வாங்குகிறது. முதலாவது கிடைத்தது, இரண்டாவதில் எக்ஸெப்ஷன். அந்த ஆப்ஜெக்டின் டிஸ்ட்ரக்டர் ஓடாது, ஏனென்றால் அது முழு ஆப்ஜெக்டாக ஆகவே இல்லை. முதலில் வாங்கியது கசிந்துபோகும். வேலை கூடக் கூட, பாதி வழியில் தோற்கும் வாய்ப்பும் கூடும்.

டெஸ்ட் எழுதுகிறவர்களைக் கேளுங்கள். விலைப்பட்டியல் என்ற கிளாஸின் கன்ஸ்ட்ரக்டர் டேட்டாபேஸோடு இணைப்பு போடுகிறது என்றால், மொத்தத் தொகையைக் கூட்டும் நான்கு வரி மெத்தடைச் சோதிக்கக்கூட டேட்டாபேஸ் வேண்டும். திறந்த இணைப்பை வெளியே தயார் செய்து உள்ளே கொடுங்கள் என்கிறேன், அவ்வளவுதான். ஜாவாஸ்கிரிப்டில் 2015-ல் கிளாஸ் வந்தபோதும் சரி, பின்னால் அசிங்க் (காத்திருந்து முடிக்கும் ஃபங்ஷன் வகை) வந்த பிறகும் சரி, கன்ஸ்ட்ரக்டரை அசிங்க் ஆக்க முடியாது. காத்திருக்க வேண்டிய எந்த வேலைக்கும் அங்கே இடமே இல்லை.

அலைவரிசை:
வெறும் பாயிண்டர் இரண்டு வைத்தால் கசியும், உண்மை. அதே இரண்டையும் யுனீக்_பாயிண்டராக (தான் அழியும்போது நினைவகத்தையும் தானே விடுவிக்கும் பாயிண்டர்) வையுங்கள். உருவாகி முடிந்த மெம்பர்களின் டிஸ்ட்ரக்டர் கட்டாயம் ஓடும் என்பதும் அதே மொழியின் விதிதான். ஒரு கிளாஸ், ஒரு வளம். அப்படிப் பிரித்தால் கன்ஸ்ட்ரக்டர் எங்கே தோற்றாலும் சுத்தமாகத் தோற்கும். நீங்கள் காட்டிய உதாரணம் இரண்டு வளங்களை ஒரே கிளாஸில் திணித்ததன் விளைவு.

"திறந்த இணைப்பை உள்ளே கொடுங்கள்" என்கிறீர்களே, அந்த இணைப்பு எங்கிருந்து வந்தது? அதுவும் ஒரு ஆப்ஜெக்ட். அதன் கன்ஸ்ட்ரக்டர்தானே திறந்திருக்க வேண்டும்? விலைப்பட்டியலின் கன்ஸ்ட்ரக்டர் டேட்டாபேஸைத் தேடிப் போகக் கூடாது, சரி. இணைப்பின் கன்ஸ்ட்ரக்டர் இணையத்தான் வேண்டும். ஜாவாவின் ஃபைல்இன்புட்ஸ்ட்ரீமைப் பாருங்கள். கன்ஸ்ட்ரக்டரிலேயே ஃபைலைத் திறக்கிறது, இல்லையென்றால் எக்ஸெப்ஷன் எறிகிறது. கையில் ஆப்ஜெக்ட் இருந்தால் ஃபைல் திறந்தது என்று பொருள்.

சிறுதுளி:
இருவரும் கன்ஸ்ட்ரக்டர் இருந்தே ஆக வேண்டும் என்று எடுத்துக்கொண்டு பேசுகிறீர்கள். ரஸ்டில் அப்படி ஒன்று மொழியிலேயே கிடையாது. ஸ்ட்ரக்டின் எல்லா ஃபீல்டுக்கும் ஒரே இடத்தில், ஒரே மூச்சில் மதிப்பு கொடுக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் கம்பைல் ஆகாது. நியூ என்று எழுதுவது வெறும் வழக்கம், மற்ற ஃபங்ஷன்களைப் போல அதுவும் ஒன்று. தோற்கக்கூடிய வேலை என்றால் ரிசல்ட், அதாவது வெற்றி அல்லது பிழை என்ற மதிப்பைத் திருப்பித் தரும். முதலில் எல்லாவற்றையும் சாதாரண மாறிகளில் தயார் செய்துகொள்ளுங்கள், கடைசியில் ஆப்ஜெக்டைச் சேர்த்து வையுங்கள். கூரை போடாத வீட்டுக்குள் யாரும் குடியேற முடியாது.

கன்ஸ்ட்ரக்டரின் இன்னொரு குறை, அதற்குத் தனிப் பெயர் வைக்க முடியாது. சி++ வெக்டருக்கு வட்ட அடைப்பில் 10, 5 என்று கொடுத்தால் பத்து ஐந்துகள். நெளி அடைப்பில் அதே 10, 5 கொடுத்தால் இரண்டே எண்கள். ஜாவாவின் பழைய டேட் கிளாஸின் கன்ஸ்ட்ரக்டருக்கு 2024, 1, 5 என்று கொடுத்துப் பாருங்கள். 3924-ஆம் ஆண்டு பிப்ரவரி 5 வந்து நிற்கும், ஏனென்றால் ஆண்டோடு 1900 கூட்டும், மாதத்தைப் பூஜ்யத்திலிருந்து எண்ணும். 2014-ல் ஜாவா 8 கொண்டுவந்த லோக்கல்டேட்டுக்கு பப்ளிக் கன்ஸ்ட்ரக்டரே கிடையாது. ஆஃப், பார்ஸ், நவ் என்று பெயருள்ள மெத்தடுகள்தான்.

அதோடு நியூ என்றால் புது ஆப்ஜெக்ட் வந்தே தீர வேண்டும். இன்டிஜர் கிளாஸின் கன்ஸ்ட்ரக்டர்களை 2017-ல் ஜாவா 9 வழக்கொழிந்தவை என்று அறிவித்துவிட்டது. வேல்யூஆஃப் பயன்படுத்தச் சொன்னார்கள். அது -128 முதல் 127 வரை ஏற்கெனவே செய்து வைத்த ஆப்ஜெக்டையே திருப்பித் தரும். கன்ஸ்ட்ரக்டரால் இதைச் செய்யவே முடியாது.

அலைவரிசை:
பெயர் பற்றிய குறை நியாயமானது. ஆனால் அப்படிப் பெயருள்ள ஃபேக்டரி மெத்தட் எழுதினாலும் அதன் உள்ளே கடைசியில் ஒரு கன்ஸ்ட்ரக்டர்தான் ஓடுகிறது. அதை பிரைவேட் ஆக்கிவிட்டால் வெளியே யாரும் அந்த கிளாஸை எக்ஸ்டெண்ட் செய்ய முடியாது. சிலருக்கு அது நன்மை, எல்லோருக்கும் அல்ல.

கன்ஸ்ட்ரக்டர் இல்லாத மொழி என்றதும் கோ மொழியையும் பார்க்க வேண்டும். அங்கேயும் நியூ என்று தொடங்கும் ஃபங்ஷன் வழக்கம்தான். ஆனால் எந்த பேக்கேஜிலிருந்தும் அந்த ஸ்ட்ரக்டை வெறுமையாக, எல்லாம் பூஜ்யமாக அறிவித்துவிடலாம். உங்கள் நியூ ஃபங்ஷனில் வைத்த சோதனை அத்தனையும் தாண்டப்பட்டுவிடும். ரஸ்டில் ஃபீல்டுகளை பிரைவேட்டாக வைத்துத் தடுக்கலாம், ஒப்புக்கொள்கிறேன். கன்ஸ்ட்ரக்டர் இருக்கும் மொழியில் அந்த வாசல் வழியாகத்தான் எல்லோரும் வர வேண்டும்.

நெடுஞ்சாலை:
அலைவரிசை, "எல்லோரும்" என்பதில் ஒரு விலக்கு இருக்கிறது. ஜாவாவில் சீரியலைசபிள் (பைட்டுகளாகச் சேமிக்கக்கூடிய) கிளாஸை டீசீரியலைஸ் செய்யும்போது, அதாவது பைட்டுகளிலிருந்து ஆப்ஜெக்டை மீட்கும்போது, அந்த கிளாஸின் கன்ஸ்ட்ரக்டர் ஓடாது. சீரியலைசபிள் அல்லாத முதல் மேல் கிளாஸின் பேராமீட்டர் இல்லாத கன்ஸ்ட்ரக்டர்தான் ஓடும். "வயது எதிர்மறையாக இருக்கக் கூடாது" என்று நீங்கள் வைத்த சோதனையைக் கெட்ட பைட்டுகள் சத்தமில்லாமல் கடந்துவிடும். 2021-ல் ஜாவா 16-ல் நிலைபெற்ற, தரவைத் தாங்கும் ரெக்கார்டு கிளாஸ்களில் இதை மூடிவிட்டார்கள், அங்கே டீசீரியலைஸும் கன்ஸ்ட்ரக்டர் வழியாகத்தான் நடக்கும்.

வண்ணத்துப்பூச்சி:
நிறைய விஷயம் தெரிந்துகொண்டேன், எல்லோருக்கும் நன்றி. ஆனால் என் அறிக்கையை இப்போது என்ன செய்வது? பைத்தானுக்கு மாறினால் இந்தத் தொல்லை இருக்காது என்று ஒரு நண்பர் சொன்னார், உண்மையா?

நெடுஞ்சாலை:
உண்மையில்லை. பைத்தானிலும் பேஸின் இனிட் (அங்கே கன்ஸ்ட்ரக்டர் போன்றது) உங்கள் ஓவர்ரைடைத்தான் கூப்பிடும். வரிகளை சூப்பரின் இனிட்டுக்குப் பிறகு உருவாக்கினால் அட்ரிபியூட்எரர். அங்கே ஒரு வசதி, வரிகளை முதலில் உருவாக்கிவிட்டு அப்புறம் சூப்பரைக் கூப்பிடலாம். இன்னொரு தொல்லையும் உண்டு: சப்கிளாஸில் இனிட் எழுதிவிட்டு சூப்பரைக் கூப்பிட மறந்தால் பைத்தான் தானாகக் கூப்பிடாது.

அதே வசதி 2025-ல் வந்த ஜாவா 25-ல் நிரந்தரமாகிவிட்டது. சூப்பருக்கு முன்பே வரிகள் எழுதலாம், உங்கள் கிளாஸின் ஃபீல்டுக்கு மதிப்பும் போடலாம். அறிவிப்பில் இருக்கும் புது அரேலிஸ்டை எடுத்துவிட்டு, கன்ஸ்ட்ரக்டரின் முதல் வரியில் அதை எழுதி, அடுத்த வரியில் சூப்பர் போடுங்கள். உங்கள் ஓவர்ரைடு ஓடும்போது வரிகள் தயாராக இருக்கும்.

கருவேலன்:
தயவுசெய்து அதைத் தீர்வாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நாளைக்கு இன்னொருவர் வாரஅறிக்கை என்று ஒரு சப்கிளாஸ் எழுதுவார். சூப்பருக்கு முன்னால் ஃபீல்டை நிரப்ப வேண்டும் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? ஒவ்வொரு பிள்ளை கிளாஸும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய நிபந்தனையைத் தாய் கிளாஸ் விதிக்கக் கூடாது. அந்தக் கூப்பிடுதலை அறிக்கையின் கன்ஸ்ட்ரக்டரிலிருந்தே எடுங்கள். முதல் வரியைப் பேராமீட்டராக மேலே அனுப்ப முடிந்தால் அனுப்புங்கள். முடியாவிட்டால், உருவாக்கு என்ற ஸ்டாட்டிக் மெத்தட் முதலில் நியூ போடட்டும், முழு ஆப்ஜெக்ட் கைக்கு வந்த பிறகு தயார்செய் கூப்பிடட்டும்.

அலைவரிசை:
இந்த இடத்தில் நான் கருவேலன் பக்கம். வேலை இருக்கலாம், பிள்ளை கிளாஸை நம்பிய வேலை இருக்கக் கூடாது. உங்களுக்கு ஓவர்ரைடே தேவையில்லை என்றால் தயார்செய்யை பிரைவேட் அல்லது ஃபைனல் ஆக்கினாலும் போதும்.

நெடுஞ்சாலை:
வேறு கிளாஸ்களிலும் இது ஒளிந்திருக்கிறதா என்று பார்க்க, ஜாவா 21 முதல் கம்பைலரிலேயே திஸ்-எஸ்கேப் (உருவாகி முடியாத ஆப்ஜெக்ட் வெளியே கசிவது) என்று ஒரு லின்ட் எச்சரிக்கை இருக்கிறது. அதைப் போட்டுவிட்டு முழுத் திட்டத்தையும் ஒருமுறை கம்பைல் செய்யுங்கள்.

வண்ணத்துப்பூச்சி:
போட்டுப் பார்த்தேன். அறிக்கையின் கன்ஸ்ட்ரக்டரில் தயார்செய் இருக்கும் வரியையே காட்டுகிறது. கூடவே நான் சந்தேகப்படாத ஏற்றுமதி என்ற கிளாஸிலும் ஒன்று: அதன் கன்ஸ்ட்ரக்டர் திஸ்ஸை, அதாவது தன்னையே, ஒரு லிசனர் (நிகழ்வுகளைக் கேட்டுக்கொண்டிருப்பவை) பட்டியலில் பதிந்துகொள்கிறது.

கருவேலன்:
அதைத்தான் முதலில் திருத்துங்கள். வேறொரு திரெட் அந்தப் பட்டியலைப் படித்தால், கன்ஸ்ட்ரக்டர் முடியாத ஆப்ஜெக்ட் அதன் கையில் கிடைக்கும். 2004-ல் ஜாவா 5 ஃபைனல் ஃபீல்டுகளின் மதிப்பு மற்ற திரெட்டுகளுக்குச் சரியாகத் தெரியும் என்று தந்த உத்தரவாதம்கூட, கன்ஸ்ட்ரக்டர் முடியும் முன் திஸ் வெளியே போகாதவரைதான் செல்லும். பதிவு செய்வதையும் அந்த உருவாக்கு மெத்தடுக்குள் கொண்டுபோங்கள், நியூ முடிந்த அடுத்த வரியில்.