அச்சில் நீலம் ஊதாவாகிறது: ஆர்ஜிபியிலிருந்து சிஎம்ஒய்கேவுக்கு எப்படி மாற்றுவது?

வணக்கம் நண்பர்களே. டிஜிட்டல் அச்சுக்குப் போகும் ஒரு கேட்லாக்கின் நிறங்களை ஆர்ஜிபியிலிருந்து (திரையின் சிவப்பு, பச்சை, நீல ஒளி அளவுகள்) சிஎம்ஒய்கேவுக்கு (அச்சின் சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு மைகளின் சதவீதம், இதே வரிசையில்) மாற்றுகிறேன். ஓரிடத்தில் சிக்கி நிற்கிறேன்.

தலைப்புகளின் நிறம் 0, 0, 255 என்ற சுத்தமான நீலம். பல இடங்களில் கிடைக்கும் எளிய சூத்திரம் இதற்கு சயான் 100, மெஜந்தா 100 என்கிறது. ஃபோட்டோஷாப்பில் ஸ்வாப் ப்ரொஃபைல் (SWOP என்ற அச்சுத் தரத்துக்கான நிற விவரக் கோப்பு) வைத்து மாற்றினால் ஏறக்குறைய 88, 77, 0, 0 வருகிறது. இரண்டையும் அச்சடித்துப் பார்த்தேன். முதலாவது அப்பட்டமான ஊதா. இரண்டாவது பரவாயில்லை, ஆனாலும் ஊதா எட்டிப்பார்க்கிறது. திரையின் அந்த நீலம் நான்கு மைகளுக்கும் எட்டாதது என்பது தெரியும், அதே பளபளப்பைக் கேட்கவில்லை. நீலமாகத் தெரிந்தால் போதும். மெஜந்தாவைக் கையால் 60 அளவுக்குக் குறைக்கலாமா? இல்லை, லேப் மதிப்பில் (திரை, மை எதையும் சாராமல் நிறத்தைக் குறிக்கும் எண்கள்) நிறத்தைச் சற்றுத் திருப்பிவிட்டு அப்புறம் மாற்றுவதுதான் முறையா?

அடுத்தது கறுப்பு. அதே ப்ரொஃபைலில் 0, 0, 0 எழுத்துகள் 75, 68, 67, 90 ஆகிவிடுகின்றன. கூட்டினால் மை 300 சதவீதம்! பொடி எழுத்தில் நான்கு மையும் இம்மி விலகினாலும் ஓரங்களில் நிறம் கசிந்து தெரியும். எழுத்துக்கு மட்டும் கறுப்பு மை 100 என்று தானாக வைக்க வழி உண்டா? கோஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற பிடிஎஃப் மாற்றும் மென்பொருளில் செய்தவர்கள் இருந்தால் அமைப்புகளைப் பகிருங்கள்.

படங்களை ஆர்ஜிபியாகவே விட்டு, பிடிஎஃப்/எக்ஸ்-4 (அச்சுக்கான பிடிஎஃப் வகை) கோப்பாக அனுப்பி, மாற்றும் வேலையை அச்சு இயந்திரத்தின் ரிப்பிடம் (கோப்பை அச்சுப் புள்ளிகளாக மாற்றும் பகுதி) ஒப்படைப்பதே நல்லது என்று எனக்குத் தோன்றுகிறது. அப்படி அனுப்பிப் பார்த்தவர்கள் உண்டா? தோல் நிறங்கள் எப்படி வந்தன?